போடாத தண்டம்

கோத்தகிரியிலிருந்து கிளம்பும்போது ரித்துவின் ஸ்வெட்டரைப் பைக்குள் வைத்தேன், வெளியே எடுத்தேன், கடைசியில் அவளுக்கே மாட்டிவிட்டேன். வெயில் ஊருக்குத்தான் போகிறோம் என்று தெரியும். ஆனால் எனக்குத் தெரிந்த எதையும் நான் முழுசாக நம்பி நாளாகிவிட்டது.

ரித்துவுக்கு நாலு வயது. எங்கள் ஊரில் பனி இறங்க ஆரம்பித்தால் அவள் நெஞ்சுக்குள் யாரோ மெல்ல விசில் ஊதுவது போல ஒரு சத்தம் கேட்கும். நெபுலைசர் எங்கள் வீட்டில் மிக்சி மாதிரி ஒரு சாமான் ஆகிவிட்டது. டாக்டர், "சூடான ஊர், கடல் காத்து, புகை இல்லாத இடம்னா சில குழந்தைகளுக்கு ஒத்துக்கும். உறுதியாச் சொல்ல மாட்டேன்" என்றார். முதல் பாதியை வீட்டில் எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள். இரண்டாவது பாதி எனக்கு மட்டும் ஞாபகம் இருக்கிறது.

அதே சமயம் என் கணவர் பிரபுவுக்குப் பொன்னேரிப் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. அங்கே போய் நாலு பேரோடு ஒரு அறையில் தங்கியிருக்கிறார். மாசக் கடைசியில் அந்த அறையைக் காலி செய்ய வேண்டும். பள்ளிக்கூடத்தில் ரித்துவைச் சேர்க்க வேண்டும். அதற்குள் வீடு பார்க்க வேண்டும். "எனக்கு லீவு கிடைக்காது பவி. நீயே பாத்து முடிவு பண்ணு" என்றார். கேட்பதற்கு மனைவியை மதிக்கும் வாக்கியம் போல இருக்கும். தப்பாகப் போனால் அதுவும் நான் பார்த்து முடிவு பண்ணியதாகவே இருக்கும்.

என் வேலை எங்கே இருந்தாலும் நடக்கும். துபாயில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஆன்லைனில் கணக்கு சொல்லிக்கொடுக்கிறேன். எனக்கு வேண்டியது சிக்னலும் ஒரு மூலையும். ரித்துவுக்கு வேண்டியது காற்று. இரண்டும் ஒரே கூரைக்குக் கீழே கிடைக்குமா என்று பார்க்க வெள்ளி, சனி, ஞாயிறு.

வெள்ளிக்கிழமை ஆரம்பாக்கத்தில் ஆரம்பித்தது. ரயிலில் எதிரே இரண்டு பெண்கள் தெலுங்கில் பேசிக்கொண்டு வந்தார்கள். கல்லூரி விடுதியில் என் அறைத்தோழி சித்தூர்க்காரி, அதனால் எனக்குத் தெலுங்கு புரியும். "இந்த வெயில்ல பிள்ளைக்குக் கம்பளி போட்டிருக்கா பாரு, உடம்பு சரியில்ல போல" என்றாள் ஒருத்தி. "பிள்ளை நல்லாத்தான் இருக்கு. அம்மாவைப் பாரு, அவதான் நோயாளி" என்றாள் மற்றவள். நான் ஜன்னல் பக்கம் திரும்பி ரித்துவின் ஸ்வெட்டரைக் கழற்றினேன்.

ஆரம்பாக்கத்து வீடு நன்றாகவே இருந்தது. டைல்ஸ் தரை, நல்ல தண்ணீர், நடக்கிற தூரத்தில் பஸ்ஸும் ரயிலும். பொன்னேரிக்கு நேர் ரயில். பிரபுவுக்கு இதைவிட வசதியான இடம் கிடைக்காது. ஆனால் பக்கத்திலேயே நெடுஞ்சாலை. லாரிகள் போகும்போது ஜன்னல் கம்பி அதிர்ந்தது. நான் ஜன்னல் விளிம்பில் விரலால் ஒரு கோடு போட்டேன். விரல் கறுப்பானது. வீட்டுக்காரர் அதைக் கவனித்துவிட்டார். "தெனமும் தொடச்சா போவுது. லாரி சத்தம் ஒரு தொணை மாதிரிம்மா, தனியா இருக்கற பயமே இருக்காது" என்றார். அதற்குள் ரித்து இரண்டு தரம் இருமினாள். தூசிக்கு யாரும் இருமுவார்கள்தான். ஆனாலும் அந்த வீட்டை விட்டுவிட்டேன். இன்று வரை அது சரியா என்று தெரியவில்லை.

மாலையில் பழவேற்காடு வந்து சேர்ந்தோம். பஸ்ஸில் ரித்து வாந்தி எடுத்தாள், என் புடவையில். பக்கத்து சீட்டு அம்மா எலுமிச்சம்பழத்தை நீட்டி, "குந்து, குந்து, ஒண்ணும் ஆவல" என்றார். வீட்டு புரோக்கர் பஸ் ஸ்டாண்டிலேயே காத்திருந்தார். டச்சுக் கல்லறைக்குப் பின்னால் ஒரு வீடு. "வெளிநாட்டுலேர்ந்து வந்து பாத்துட்டுப் போற ஏரியா மேடம்" என்றார். அங்கே வருகிறவர்கள் இறந்தவர்களைப் பார்க்க வருகிறார்கள் என்று சொல்ல நினைத்தேன். சுவரெல்லாம் ஈரம் ஏறி, மூலையில் பச்சையாகப் பூத்திருந்தது. பூஞ்சை ரித்துவுக்கு விஷம். அதையும் விட்டேன்.

லாட்ஜுக்குப் பக்கத்து மெஸ்ஸில் மடவை மீன் வறுத்துக் கொடுத்தார்கள். எங்கள் ஊருக்கு மீன் ஐஸில் வந்து, ஐஸிலேயே பாதி வயதாகி, பிறகுதான் குழம்புக்குள் போகும். இது வேறு ஜாதி. முள்ளைப் பிரித்துப் பிரித்து ரித்துவுக்கு ஊட்டினேன். எனக்கு மிஞ்சியது தலையும் வாலும். அதுவே அத்தனை ருசியாக இருந்தது. அன்று நான் சந்தோஷப்பட்ட ஒரே நேரம் அதுதான் என்று நினைக்கிறேன்.

சனிக்கிழமை கடைசி நம்பிக்கை: லைட்ஹவுஸ் குப்பம். பிரபு சாப்பிடும் மெஸ்ஸுக்கு மீன் கொடுக்கும் கன்னியம்மா அங்கே இருக்கிறார். அவர் வீட்டு மாடி காலியாக இருக்கிறது என்று பிரபு சொல்லியிருந்தார். ஷேர் ஆட்டோவில் ஐஸ் பெட்டிக்கு ஒரு முழு சீட்டு, எங்கள் இருவருக்கும் மிச்சம். பாலத்தின் மேல் ஆடுகள் வழி விடாமல் நின்றபோது பெட்டியிலிருந்து தண்ணீர் ஒழுகி என் பைக்குள் இறங்கியது. டிரைவர் திரும்பிப் பார்த்து, "தண்ணிதான் மேடம். மீன் இல்ல" என்று ஆறுதல் சொன்னார்.

கன்னியம்மா அக்கா தெருமுனையில் நின்றிருந்தார். நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். மூக்குத்தி, வாயில் வெற்றிலை. "வா டீச்சர். இதான் அந்தப் பாப்பாவா? இன்னாமே இப்டி எலும்பா கீற? அம்மா சோறு போடலியா?" என்று ரித்துவைத் தூக்கிக்கொண்டார். அறிமுகம் இல்லாதவர்களிடம் போகாத பெண், அவர் மூக்குத்தியைத் தொட்டுப் பார்த்தாள்.

"சந்தைக்குப் போகலையா அக்கா?" என்று கேட்டேன்.

"இன்னிக்கு ஊர்ல தொழில் இல்ல. மேலத்தெருவுல ஒரு பெரியவரு போய்ட்டாரு. பொண்ணு நெல்லூர்லேர்ந்து வரணும், நாளைக்குத்தான் எடுப்பாங்க. எடுக்கற வரைக்கும் ஊரே நிறுத்தம்."

கரையில் ஃபைபர் படகுகள் வரிசையாக மணலில் ஏறி நின்றன. வலைகள் நீலத் தார்ப்பாய்க்குக் கீழே மூடிக் கிடந்தன. கருவாட்டுப் பாய்கள் சுருட்டி வைக்கப்பட்டிருந்தன. எதிர் வீட்டு வாசலில் ஒரு பெண் தையல் மெஷின் மேல் பழைய புடவையைப் போர்த்திவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். எல்லாவற்றையும் பார்த்தேன். கருவாட்டு வாசம் ரித்துவுக்கு ஆகுமா, இன்று பாய் விரிக்காததால் உண்மை தெரியாமல் போய்விடுமா என்று யோசித்தேனே தவிர, வேறெதுவும் எனக்குத் தோன்றவில்லை.

மாடியில் இரண்டு அறை. ஒரு ஜன்னலில் கடல், மறு ஜன்னலில் ஏரி. இரண்டையும் திறந்தால் காற்று வீட்டுக்குள் வந்து, நிற்காமல், அந்தப் பக்கம் போய்விடுகிறது. சுவரைத் தடவினேன், ஈரம் இல்லை. மூலைகளை முகர்ந்தேன். கன்னியம்மா அக்காவின் கணவர் தேசப்பன் அண்ணன் வாசல்படியில் நின்று என்னை வேடிக்கை பார்த்தார். "இன்னா டீச்சர், வூடு வாங்க வந்தியா, மோப்பம் புடிக்க வந்தியா?"

"குழாய்த் தண்ணி எப்படிண்ணே?"

"பல் வெளக்க உப்பே வாங்க வேணாம்."

குடிக்கும் தண்ணீர் லாரியில் வருகிறது. பெரிய ஆஸ்பத்திரிக்குப் பொன்னேரி போக வேண்டும். புயல் என்றால் எல்லோரும் கிளம்ப வேண்டும். நான் மனதில் குறைகளை அடுக்கிக்கொண்டே இருந்தேன். கீழே பார்த்தால் ரித்து மணலில் நண்டுகளைத் துரத்தி ஓடிக்கொண்டிருந்தாள். எங்கள் வீட்டு ஏற்றத்தில் பாதி வழியில் நின்று என் புடவையைப் பிடித்துக்கொள்ளும் பெண். இங்கே தரை சமம், அதனால்தான் ஓடுகிறாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனாலும் ஓடினாள்.

"எனக்கு இந்த வீடு வேணும்க்கா" என்று சொல்லிவிட்டேன். சொன்ன உடனே பயம் வந்தது.

"எனக்கும் உன்னைப் புடிச்சிருக்குது. ஆனா ஊரு ஒத்துக்கணும். குப்பத்துல வெளியாளு குடி வரணும்னா பஞ்சாயத்துல கேக்கணும். நாளைக்கு காரியம் முடிஞ்சதும் கேட்டுருவோம். இன்னிக்கு இங்கியே தங்கு."

மதியம் புது மீன் இல்லாததால் பழைய கருவாட்டில் குழம்பு. கத்தரிக்காய் போட்டது. நான் கொண்டுபோன வர்க்கி பிஸ்கட்டை அக்கா டீயில் நனைத்துச் சாப்பிட்டுவிட்டு, "நல்லாதான் கீது. ஆனா இதுல இன்னா கீது?" என்றார். எங்கள் ஊர் வர்க்கியைப் பற்றி இதைவிடச் சரியாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

மாலையில் எனக்கு வகுப்பு. மாடியில் சிக்னல் எங்கள் ஊரைவிட நன்றாகக் கிடைத்தது, அந்தச் சந்தோஷத்தில் மொட்டை மாடிக்கே போய் உட்கார்ந்தேன். அன்று பின்னம். துபாயில் இருக்கும் பையனுக்கு ஹெட்போன் சரியில்லை. "மிஸ், சத்தமா, சத்தமா" என்றான். நான் சத்தமாகச் சொன்னேன். "ஒரு கேக்கை எட்டா வெட்டினா, அதுல மூணு துண்டை நீ சாப்பிட்டா, மிச்சம் எவ்வளவு? சாப்பிடாத பங்கு எவ்வளவு?" எஞ்சின் சத்தம் இல்லை, ரேடியோ இல்லை, ஏலச் சத்தம் இல்லை. மேலத்தெருவில் யாரோ அழுது ஓய்ந்திருந்தார்கள். அந்தக் குப்பம் முழுக்கக் கேட்ட ஒரே குரல் என்னுடையது. கேக், துண்டு, சாப்பிட்டாச்சு, மிச்சம்.

கீழே ஆட்கள் வந்து நின்றது வகுப்பு முடியும்போதுதான் தெரிந்தது.

"யாரு மே மேல? ஊரு நிறுத்தத்துல தொழில் நடக்குதா?"

"அது இன்னா தொழில்? கொழந்தைக்குக் கணக்கு சொல்லுது" என்றார் கன்னியம்மா அக்கா.

"சும்மாவா சொல்லுது? துட்டு வாங்கினுதானே?"

"ஐய, சொந்தக்காரப் பையனா இருக்கும்..."

நான் மேலிருந்து எட்டிப் பார்த்து, கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லும் பழக்கத்தில், "இல்லைங்க, மாசச் சம்பளம்" என்றேன்.

அக்கா நெற்றியில் அடித்துக்கொண்டார்.

அவர்கள் கத்தவில்லை. "நாளைக்குப் பேசிக்கலாம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்கள். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நான் கீழே வந்து, "படகுக்கு மட்டும்தான் நிறுத்தம்னு நினைச்சேன்க்கா" என்றேன். அக்கா எதிர் வீட்டைக் காட்டினார். "அவ இன்னா மீனா புடிக்கறா? மிசினை மூடி வெச்சுக்கினு காலையிலேர்ந்து குந்தினு கீறா."

ஒரு சாவு வீட்டுக்குக் கேட்கும்படி கேக் வெட்டியிருக்கிறேன். எங்கள் ஊரில் பக்கத்து வீட்டில் சாவு என்றால் டிவி சத்தத்தைக் குறைப்போம், அவ்வளவுதான். வேலைக்குப் போகிறவர்கள் போய்விடுவார்கள். அதுவரை அது எனக்கு வித்தியாசமாகத் தோன்றியதில்லை.

ஞாயிறு காலையில் நெல்லூர்ப் பெண் வந்துவிட்டாள். மேளம் கேட்டது. நான் கன்னியம்மா அக்காவோடு போய் மேலத்தெரு ஓரத்தில் நின்றேன். யாரும் என்னை எதுவும் கேட்கவில்லை. அதுவே சங்கடமாக இருந்தது. எடுத்து முடித்து, ஆண்கள் குளித்து வந்து, கோயில் பக்கத்துக் கொட்டகையில் உட்கார்ந்த பிறகு எங்களைக் கூப்பிட்டார்கள்.

ஊர்த் தலைவர் சட்டையில்லாமல், தோளில் ஈரத் துண்டோடு இருந்தார். அவர் பேசுவதற்கு முன்பே மற்றவர்கள் ஆரம்பித்துவிட்டார்கள்.

"வலை போட்டாதான் தொழில். வாயால பேசறது தொழிலா?"

"அப்போ ஏலம் வுடறவன் இன்னா, காலாலயா பேசறான்?"

"துபாய்ல இருக்கற புள்ளைக்கு நம்ம ஊரு நிறுத்தம் எப்டிடா தெரியும்?"

"அதுக்குத் தெரிய வேணாம். மாடில இருக்கறவங்களுக்குத் தெரியணும்ல?"

தலைவர் கையைக் காட்டினார். பேச்சு நின்றது. என்னைப் பார்த்து மிகவும் மரியாதையாகச் சொன்னார்: "நீ வெளியூர்ப் பொண்ணு. தெரியாம செஞ்சுட்ட. எங்க ஆளு யாராச்சும் நிறுத்தத்துல தொழில் செஞ்சா, கோயில் வெளக்குக்கு ஒரு டின் எண்ணெ தண்டம். உனக்கு அதெல்லாம் வேணாம்மா. மனசுல வெச்சுக்காத. பாப்பாவை இட்டுக்கினு பத்திரமா ஊருக்குப் போ."

கையெடுத்துக் கும்பிட்டேன். எத்தனை நல்ல மனிதர்கள் என்று நினைத்தேன். திரும்பி நடக்கும்போதுதான் கன்னியம்மா அக்காவின் முகத்தைப் பார்த்தேன்.

"இன்னாத்துக்குமே கும்பிட்ட?" என்றார். "வூடு போச்சே."

"வீட்டைப் பத்தி அவர் ஒண்ணும் சொல்லலையே அக்கா."

"அதான் சொல்லிட்டாரே. வெளியூருக்குத் தண்டம் இல்லன்னா இன்னா அர்த்தம்? தண்டம் போடறது ஊர்க்காரனுக்கு. வெளியாளுக்குப் போடறதே இல்ல. போ போன்னு அனுப்பி வுட்டுருவாங்க."

தேசப்பன் அண்ணன் பின்னால் வந்தார். "எனக்குப் போட்டாங்களே! ஒரு நிறுத்தத்துல வலை போட்டது என் மச்சான். எண்ணெ கட்டினது நானு." ஒரு பரிசு வாங்கியவர் மாதிரி சொன்னார். "ஏன்னா தலைக்கட்டு நானுல்ல?" கல்யாணமான ஆண், ஒரு குடும்பத்துக்குத் தலை, ஊர்க் கணக்கில் ஒரு ஆள். அதுதான் அவர்கள் சொல்லும் தலைக்கட்டு.

நான் பிரபுவுக்குப் போன் செய்தேன். பின்னால் மெஷின் சத்தம். நடந்ததைச் சொல்ல ஆரம்பித்தேன், பாதி கேட்டிருக்காது. "பவி, ஆரம்பாக்கம் ஓகேன்னா அதையே சொல்லிடு. இல்ல அங்கேன்னா அங்கே. நீயே பாத்து முடிவு பண்ணு" என்றார். வைத்துவிட்டேன்.

பையைக் கட்டினேன். பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. ரித்து தையல்காரப் பெண்ணின் மகளோடு மணலில் குழி தோண்டிக்கொண்டிருந்தாள். நான் அவளைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்து முதுகில் காதை வைத்தேன். இருமல் கொஞ்சம் இருந்தது. கருவாடா, மணலா, பஸ்ஸில் வாந்தி எடுத்த சோர்வா? விசில் மட்டும் இல்லை. இரண்டு நாள் இல்லாதது மூன்றாம் நாள் வராது என்று யார் சொல்ல முடியும்? ஆரம்பாக்கத்து ஜன்னல் கம்பியை நினைத்தேன். கறுப்பான என் விரலை நினைத்தேன்.

இந்த ஊரில் தங்கினால் நாளைக்கு யாராவது இறந்தால் துபாய்ப் பிள்ளைகளுக்கு நான் என்ன சொல்வேன்? அதையும் நினைத்தேன். ரித்துவைக் கன்னியம்மா அக்காவிடம் விட்டுவிட்டு ஷேர் ஆட்டோவில் ஏறினேன்.

பழவேற்காடு கடைத்தெருவில் நல்லெண்ணெய் டின் வாங்கினேன். கடைக்காரர், "வீட்ல விசேஷமா?" என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். திரும்பும்போது ஆட்டோ பாலத்துக்கு முன்னால் நின்றுவிட்டது. டிரைவர் உதைத்துப் பார்த்தார், திட்டிப் பார்த்தார், பிறகு இறங்கி யாருக்கோ போன் பேசப் போய்விட்டார். டின்னைத் தூக்கிக்கொண்டு பாலத்தில் நடந்தேன். மூடி சரியாக இறுகவில்லை. ஒழுகாமல் இருக்கத் தோள்பையைத் துழாவியதில் ரித்துவின் ஸ்வெட்டர்தான் கிடைத்தது. அதைச் சுற்றிக் கட்டினேன். வெயிலில் ஏரி கண்ணைக் குத்தியது. எதிரே ஸ்கூட்டரில் வந்த ஒரு குடும்பம் வேகத்தைக் குறைத்து என்னையும் டின்னையும் முழுசாகப் பார்த்துவிட்டுப் போனது.

கொட்டகையில் பாதிப் பேர் இன்னும் இருந்தார்கள். ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார். நான் டின்னைத் தலைவர் முன்னால் வைத்தேன்.

"இன்னாது இது?"

"தண்டம்ங்க."

"உனக்குத்தான் போடலியே."

"தெரியும்ங்க. போடுங்க."

தூணோரம் இருந்தவர் சிரிக்க ஆரம்பித்தார். "போட்ட தண்டத்தைக் கட்டவே அவனவன் மூணு மாசம் இழுத்தடிக்கறான். இது போடாததைக் கட்ட வந்து கீது!"

"யாரு சொல்லிக் குடுத்தது, கன்னிமாவா?"

"நான் ஒண்ணியும் சொல்லல" என்று கன்னியம்மா அக்கா எங்கிருந்தோ குரல் கொடுத்தார். ரித்து அவர் இடுப்பில் இருந்தாள்.

"யோவ், வாங்கினா அது ஊரு ஆளுன்னு ஆயிரும்யா" என்றார் ஒருவர்.

"வாங்கலன்னா எண்ணெ வீணா பூடும்" என்றார் இன்னொருவர்.

தலைவர் டின்னைப் பார்த்தார், அதைச் சுற்றியிருந்த எண்ணெய் ஊறிய ஸ்வெட்டரைப் பார்த்தார், கன்னியம்மா அக்காவின் இடுப்பில் இருந்த குழந்தையைப் பார்த்தார். "இன்னாத்துக்கும்மா இந்த ஊரு உனக்கு? டவுன்ல இல்லாத வூடா?"

நிறைய காரணம் சொல்ல நினைத்தேன். டாக்டர், ஈரம், பூஞ்சை, லாரி. "இவ இங்கே ஓடுறாளுங்க" என்று மட்டும்தான் வந்தது. அதற்குமேல் பேசியிருந்தால் அழுதிருப்பேன். அழுகை துக்கத்தினால் இல்லை, கை வலியினால்.

அவர் பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ பேசினார். பிறகு, "இனிமே ஊரு நிறுத்தம்னா உன் கம்ப்யூட்டரும் நிறுத்தம்" என்றார்.

"சரிங்க."

"துபாய்க்கும் சேத்துதான்."

"சரிங்க."

"வூட்டுக்காரரு பேரு இன்னா?"

"பிரபு."

அவர் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். தூங்கியவரைக்கூட எழுப்பிவிட்டார்கள். "கன்னிமா மாடி வூட்டு பிரபு, ஊரு நிறுத்தத்துல தொழில் செஞ்சதுக்குத் தண்டம், ஒரு டின் எண்ணெ. கட்டியாச்சு" என்றார் எல்லோருக்கும் கேட்கும்படி.

"தொழில் செஞ்சது நான்ங்க" என்றேன். வாய் சும்மா இருக்கவில்லை.

"அது ஊருக்கே தெரியும்மா. கேக்கு வெட்டினியே" என்றார். கொட்டகை முழுக்கச் சிரித்தது. மேலத்தெருப் பக்கம் பார்த்துச் சட்டென்று அடங்கியது. "ஆனா தலைக்கட்டு அவருதானே?"

தப்பு செய்தது நான், டின் தூக்கியது நான், ஊரில் பேர் வாங்கியது இன்னும் அந்த ஊரைக் கண்ணால் பார்க்காத ஒருவர்.

கன்னியம்மா அக்கா ஸ்வெட்டரைச் சோப்புப் போட்டு அலசி, வலைக் கயிற்றில் காயப் போட்டார். எண்ணெய்க் கறை போகவில்லை. "இருக்கட்டும்மே. இங்க இதுக்கு வேலை இல்ல" என்றார். விளக்கு வைக்கும் நேரம், பிரபு போனில் கூப்பிட்டார். பஸ் போய்விட்டதால் நாங்கள் மாடியிலேயே தங்கிவிட்டோம்.

"என்ன ஆச்சு?"

"உங்களுக்குத் தண்டம் போட்டுட்டாங்க."

"எனக்கா? நான் அந்த ஊருக்கு வந்ததே இல்லையே. என்ன பண்ணேன்?"

"ஊர் நிறுத்தத்தன்னைக்குக் கணக்கு டியூஷன் எடுத்தீங்களாம். நான் எண்ணெய் வாங்கிக் கட்டிட்டேன். வீடு கிடைச்சிருச்சு."

"நல்ல முடிவுதானா பவி?" என்றார்.

"தெரியலைங்க. வந்து நீங்களே பாத்து சொல்லுங்க."

ரித்து பாயில் குறுக்காகப் படுத்துத் தூங்கிவிட்டிருந்தாள். முழங்கால் வரைக்கும் மணல். பக்கத்தில் உட்கார்ந்து அவள் நெஞ்சில் காதை வைத்தேன். விசில் இல்லை. ஒன்றுமே இல்லை. கடல் சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லையோ என்று இரண்டு ஜன்னலையும் சாத்திவிட்டு வந்து, மறுபடி காதை வைத்தேன்.